அடி பிசகாத மோட்டார்கள்

திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை 1960-களில் வந்தது. அதை நம்பி துவாக்குடி வட்டாரத்தில் முளைத்த ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகளில் முக்கியமான வேலை இரும்பு பிளேட் வெட்டுவது. இரண்டு தண்டவாளம், குறுக்கே ஒரு பாலம், அதில் தொங்கும் பிளாஸ்மா டார்ச். இதுதான் சி.என்.சி. வெட்டும் மெஷின். பாலத்தின் இரு கால்களுக்கும் தனித்தனி சர்வோ மோட்டார் உண்டு. பாலம் நிமிடத்துக்கு 6 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 100 மி.மீ. ஒரு மோட்டார் 10 மில்லி விநாடி தாமதமாகக் கிளம்பினால் அந்தக் கால் 1 மி.மீ. பின்தங்கும். பாலம் கோணும், வெட்டும் கோணும்.

முன்பு கன்ட்ரோலரிலிருந்து ஒவ்வொரு மோட்டாரின் டிரைவுக்கும், அதாவது மோட்டாரை ஓட்டும் மின்பெட்டிக்கும், தனித்தனி சிக்னல் வயர் போகும். பேனலைத் திறந்தால் வயர்க்காடு. இப்போது டிரைவிலிருந்து டிரைவுக்குத் தாவிச் செல்லும் ஒரே ஈதர்நெட் கேபிள் போதும்.

ஆனால் ஈதர்நெட் இதற்காகப் பிறந்ததல்ல. 1973-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் அதை யோசித்தது அலுவலகக் கணினிகளை இணைக்க. இரண்டு கணினிகள் ஒரே சமயத்தில் பேசினால் தகவல்கள் மோதும்; இரண்டும் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பும். எவ்வளவு நேரம் கழித்து என்பது குருட்டு யோகம். பிறகு வந்த ஸ்விட்ச்சுகள் மோதலை ஒழித்தன. வரிசையில் காத்திருப்பதை ஒழிக்கவில்லை. மின்னஞ்சல் அரை விநாடி பிந்தினால் யாருக்கு நஷ்டம்? மோட்டாருக்கு அது கட்டுப்படியாகாது.

ஜெர்மனியின் பெக்காஃப் நிறுவனம் 2003-ல் கொண்டுவந்த ஈதர்கேட் இதற்குச் சொன்ன விடை அழகானது. கன்ட்ரோலர் ஒரே ஒரு தகவல் பொதியை அனுப்புகிறது. அது எந்த டிரைவிலும் நிற்பதில்லை. கடந்து போகும்போதே ஒவ்வொரு டிரைவும் தனக்கான கட்டளையை எடுத்துக்கொண்டு, தன் மோட்டார் இப்போது எங்கே நிற்கிறது என்பதை அதிலேயே எழுதிவிடுகிறது. கடைசி டிரைவைத் தொட்ட பொதி கன்ட்ரோலருக்கே திரும்புகிறது. 100 மோட்டார்களை இப்படிச் சுற்றிவர 100 மைக்ரோ விநாடி போதும் என்கிறார்கள்.

சரி, கடைசி டிரைவுக்குச் செய்தி சற்றுப் பிந்தித்தானே போகும்? போகட்டும். யாரும் கட்டளை வந்தவுடன் பாய்வதில்லை. எல்லா டிரைவுகளின் கடிகாரங்களும் ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஒத்துப்போகும்படி முன்பே சரிசெய்யப்பட்டிருக்கும். குறித்த கணத்தில் அத்தனையும் சேர்ந்து நகரும். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளைத் தோளில் ஏந்தும் ஸ்ரீபாதந்தாங்கிகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கே முக்கியம் வேகமல்ல, அத்தனை கால்களும் ஒன்றாக விழுவது.

இதே வேலையை வேறு வழியில் செய்வது புரொஃபிநெட். சீமென்ஸ் மெஷின்களில் அதிகம் பார்க்கலாம். துவாக்குடிச் சாலையில் உள்ள என்.ஐ.டி.யில் சீமென்ஸ் துணையோடு அமைந்த உற்பத்தித் தொழில்நுட்ப மையம் இருப்பதால், திருச்சி மாணவர்களுக்கு சீமென்ஸ் என்ற பெயர் புதிதல்ல.

ஷெட் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஈதர்நெட் கேபிளை வெல்டிங் கேபிளோடும் மோட்டார் பவர் கேபிளோடும் சேர்த்துக் கட்டாதீர்கள். மின் இரைச்சல் புகுந்து மெஷின் காரணமில்லாமல் நிற்கும். அடுத்தது, சொருகும் பிளக் ஒன்றுபோல இருப்பதால் எல்லாம் ஒன்றுக்கொன்று பேசும் என்று நம்பிவிடாதீர்கள். புரொஃபிநெட் டிரைவ் ஈதர்கேட் கன்ட்ரோலரோடு நேரடியாகப் பேசாது. மெஷின் வாங்கும்போதே எது என்று கேட்டு, கொட்டேஷனில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.