கதையைச் சொல்வது யார்?

மும்பையில் தமிழ் வழியில் படிக்கும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். கதைப் பாடம் எதுவாக இருந்தாலும், "இக்கதையின் மையக் கருத்து யாது?" என்ற கேள்வி கடைசியில் வந்து நிற்கும். கீழே நாலு வரி விடை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டிலும் அதே நாலு வரி. ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. கரும்பலகையில் எழுதிப் போட்டதை அப்படியே இறக்கிக்கொள்கிறார்கள். பரீட்சையில் மார்க்கும் விழுந்துவிடுகிறது. எல்லாப் பள்ளிகளிலும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. நான் பார்த்த நோட்டுகள் இப்படி இருந்தன.

இதைச் சின்ன விஷயம் என்று நாம் தள்ளிவிட முடியாது. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றோடு தமிழ் வழியிலும் பள்ளிகள் நடத்துகிறது. தாராவியில் தோல் தொழிலுக்கும் இட்லி வியாபாரத்துக்கும் வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேதான் 'அ', 'ஆ' கற்றார்கள். ஆனால் மேல் வகுப்புகளுக்குத் தமிழ் வழி கிடைப்பது இங்கே எளிதல்ல. எட்டாவதோடு பல பிள்ளைகள் ஆங்கில வழிக்கோ இந்தி வழிக்கோ மாறிவிடுகிறார்கள். ஆக, ஓர் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழில் ஒரு கதையை நிதானமாகப் படிக்க இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஆறு, ஏழு, எட்டு என்ற மூன்றே மூன்று ஆண்டுகள். அதையும் நாலு வரி விடையில் கழித்துவிட்டால் பிறகு எப்போது படிப்பது? (மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்களுக்குத் தமிழில் எழுத்துக் கூட்டவே வராது!)

நீதி வேறு, கரு வேறு

கதை என்றால் கடைசியில் ஒரு நீதி இருக்க வேண்டும் என்று நாம் பழக்கி வைத்திருக்கிறோம். காக்கையும் நரியும் கதைக்கு அது சரி. சிறுகதைக்கு அந்த அளவுகோல் உதவாது.

கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையைப் பலரும் படித்திருப்பீர்கள். ஏழை வீட்டுக் கதவில் ஏறி நின்று பிள்ளைகள் ஆடி விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக் கொண்டுபோய்விடுகிறார்கள். இந்தக் கதைக்கு நீதி எழுது என்றால், "அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியை உரிய காலத்தில் செலுத்த வேண்டும்" என்று ஒரு பிள்ளை எழுதிவிடும். தப்பு என்று எப்படி அடிப்பது? கேட்ட கேள்விக்குத்தானே அது பதில் சொல்லியிருக்கிறது!

கேள்வியை மாற்றிப் பாருங்கள். கதவு போனபின் அந்த வீட்டில் என்னென்ன மாறியது? பெரியவர்களுக்குக் கதவு எது, பிள்ளைகளுக்குக் கதவு எது? தாராவிப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டை இடிக்க ஆள் வரும்போது எந்தச் சாமானை முதலில் வெளியே எடுப்பது என்று தாய் தகப்பன் பதறுவதைப் பார்த்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. கதையின் கரு அவர்கள் வாயிலிருந்தே வரும். நாம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

சாரங்கனின் டைரி

கி. ராஜநாராயணனின் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள இடைசெவல். கு. அழகிரிசாமிக்கும் அதே ஊர்தான். ஒரே சிற்றூரில் இரண்டு சாகித்திய அகாதமி விருதுகள்! தாராவியில் நெல்லைச் சீமைக்காரர்கள் பலர் இருப்பதால் இந்தப் பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. அழகிரிசாமிக்கு 1970-ஆம் ஆண்டின் விருதை வாங்கித் தந்தது 'அன்பளிப்பு' என்ற தொகுதி. அந்தப் பெயருள்ள கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

கதையைச் சொல்பவர் ஒரு பெரியவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் மேல் உயிர். படிக்கப் புத்தகம் கொண்டு வந்து கொடுப்பார். ஒரு முறை சில பிள்ளைகளுக்கு டைரி பரிசளிக்கிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்கு இல்லை. பின்பு ஒரு நாள் அவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். தானே ஒரு டைரியைக் கொண்டு வந்து நீட்டி, அதைத் தனக்கு அவர் பிரியமாக அளித்ததாக எழுதித் தரச் சொல்கிறான். அவன் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். அவ்வளவுதான் கதை.

பையனின் மனம் எப்படி வெந்தது என்று அழகிரிசாமி ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கதையைப் பெரியவரின் வாயில் கொடுத்துவிட்டார். பிள்ளைகளிடம் எனக்கு எவ்வளவு அன்பு என்று அவர் நம்மிடம் சொல்லிக்கொண்டே வருகிறார். பக்கத்தில் நிற்கும் ஒரு பிள்ளையை மட்டும் அவர் கண் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியாதது படிக்கும் நமக்குத் தெரிகிறது. சொல்பவர் யார் என்று கேட்காமல் இந்தக் கதையின் கருவைத் தொடவே முடியாது.

தொண்ணூறடி சாலைக்கு உள்ளே ஒரு சந்தில் மாலை டியூஷன் நடத்தும் பெண் ஒருவர் இந்தக் கதையை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு, இதையே சாரங்கன் சொல்வதாக எழுதுங்கள் என்றார். சும்மா 'அவன்' என்பதை 'நான்' என்று மாற்றிக்கொண்டு போனவர்கள் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். பெரியவர் சொன்ன பல விஷயங்கள் சாரங்கனுக்குத் தெரிய வழியில்லை. சாரங்கனுக்குத் தெரிந்ததைப் பெரியவர் சொல்லவே இல்லை. ஒரு பையன் டைரி கொடுத்த நாளிலேயே கதையை ஆரம்பித்து, மற்றவர்கள் கையில் இருந்த டைரிகளை எண்ணிக் காட்டியிருந்தான். ஒரு சிறுமி தாயார் சொல்வதாக எழுதினாள். டைரி வாங்க இவனுக்குக் காசு ஏது என்பதுதான் அவள் எழுதிய முதல் வரி. பார்வை என்றால் என்ன என்று அந்த வகுப்பில் யாரும் விளக்கம் எழுதிப் போடவில்லை.

ரயில்வே குமாஸ்தாவான எனக்கு இது புதிதல்ல. வண்டியில் ஒரு குடை காணாமல் போனால் பிரயாணி ஒரு விதமாக எழுதிக் கொடுப்பார், டிக்கெட் பரிசோதகர் ஒரு விதமாக, போர்ட்டர் ஒரு விதமாக. மூவரும் பொய் சொல்வதில்லை. நின்ற இடம் வேறு.

நம் வீட்டுச் சரக்கு

இதெல்லாம் இங்கிலீஷ்காரன் பாடம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். குறுந்தொகையை எடுத்துப் பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு, இது தலைவி கூற்று, இது தோழி கூற்று, இது செவிலி கூற்று என்று குறித்து வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்கிறது. அவற்றில் கூற்று உண்டு, கேட்போர் உண்டு, களன் உண்டு, பயன் உண்டு. யார் சொல்கிறார், யாரிடம், எங்கே, எதற்கு? ஏழாம் வகுப்பில் ஒரு கதைக்குக் கேட்க இந்த நாலு கேள்விகள் தாராளம். எட்டாவது முடிந்து ஆங்கில வழிக்குப் போகும் பிள்ளையை அங்கேயும் 'தீம்' என்றும் 'பாயிண்ட் ஆஃப் வியூ' என்றும் இதைத்தான் கேட்கப் போகிறார்கள். தாய்மொழியில் ஒரு முறை பிடிபட்டிருந்தால் அங்கே பெயர் மட்டும்தான் புதிது.

ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. போர்ஷனை முடிக்க வேண்டும், கணக்கெடுப்பு வேலைக்கும் தேர்தல் வேலைக்கும் போக வேண்டும், நடுவில் மழை விடுமுறை. ஒரு கதைக்கு இரண்டு பீரியட் ஒதுக்குவதே பெரிய காரியம் என்று அனுபவமுள்ள ஆசிரியை ஒருவர் வருத்தப்பட்டார். பருவத்துக்கு ஒரே ஒரு கதையையாவது விடை எழுதிப் போடாமல் நடத்திப் பார்க்கலாமே என்று கேட்டேன். பரீட்சையில் ஐம்பது பிள்ளைகளும் ஐம்பது விதமாக எழுதினால் திருத்துவது யார் என்று சிரித்தார். நியாயமான கேள்விதான். ஆனாலும் அடுத்த பருவத்தில் 'அன்பளிப்பு' கதையை வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். புத்தகம் இப்போது அவர் கையில் இருக்கிறது.