நீந்தும் தோள்களைக் காப்போம்

நீர் நம் உடலைத் தாங்குவதால் நீச்சலில் காயம் ஏற்படாது என்று பலர் எண்ணுகின்றனர். விழுந்து அடிபடுவது இதில் அரிதுதான். ஆனால் ஒரே அசைவு திரும்பத் திரும்ப நிகழ்வதால் வரும் காயம் மெல்ல மெல்ல வளர்கிறது. 25 மீற்றர் தடாகத்தை 20 கைவீச்சுகளில் கடக்கும் ஒரு மாணவி 3 கிலோமீற்றர் நீந்தினால், அவளது ஒவ்வொரு தோளும் 1200 தடவை சுழல்கிறது.

தோள் ஒரு பந்துக்கிண்ண மூட்டு. அதன் கிண்ணம் ஆழமற்றது. பந்தை அதன் இடத்தில் நிறுத்துவதில் சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளுக்குப் பெரும் பங்குண்டு. அவை களைத்துவிட்டால் தசைநாண்கள் அழுத்தப்பட்டு நோவு உண்டாகிறது. இந்நோவை 1974 இல் கென்னடி, ஹோக்கின்ஸ் ஆகிய வைத்தியர்கள் 'நீச்சல் வீரரின் தோள்' என்று பெயரிட்டு விளக்கினர். மார்பு நீச்சலில் கால்களை அகற்றி உதைப்பதால் முழங்காலின் உட்பக்க நார் இழுபடுகிறது. பட்டர்பிளை நீச்சலில் இடுப்பு நோகலாம்.

இவற்றைத் தடுக்க முடியுமா? பெருமளவு முடியும். நீரில் இறங்குமுன் 10 நிமிடமாவது உடலைச் சூடாக்க வேண்டும். பயிற்சித் தூரத்தைத் திடீரெனக் கூட்டாது சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நீச்சல் மார்புத் தசைகளையே அதிகம் வளர்ப்பதால், இறப்பர்ப் பட்டியை இழுத்து முதுகுத் தசைகளையும் வலுப்படுத்த வேண்டும். மூச்செடுக்க இரு பக்கமும் திரும்பப் பழகுவது நல்லது. களைப்பினால் கைவீச்சு குலைந்தால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடலாம்.

நோவு வந்துவிட்டால், அதைத் தூண்டும் அசைவை முதலில் நிறுத்துங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். தோள் நோவுள்ளவர் உதைப்பலகையை நீட்டிப் பிடிப்பதும் தோளை வருத்தும். மல்லாந்து, கைகளை உடலோடு வைத்து உதைத்துப் பழகலாம். இரவில் தூக்கம் கலையும் நோவு, விறைப்பு, கையை உயர்த்த இயலாமை என்பன இருப்பின் வைத்தியரைக் காண்பது அவசியம். இரு கைகளும் ஒரே வலிமையோடு நோவின்றி அசையும்போதே குறுந்தூரத்தில் மீண்டும் தொடங்க வேண்டும்.

அணியில் இடம் போய்விடுமோ என்ற அச்சத்தில் நோவை மறைக்கும் மாணவியர் உண்டு. ஆரம்பத்தில் சொன்னால் சில நாள் ஓய்வோடு தீரக்கூடியது, மறைத்தால் பல மாதங்களை விழுங்கிவிடும். பெற்றோரே, பயிற்சி முடிந்து வரும் மகளிடம் நேரத்தைக் கேட்குமுன், "தோள் நோகுதா?" என்று கேளுங்கள்.