உங்களுக்குத் தெரியுமா? நடுவயிற்று இடைவெளி

பிரசவமாகி மாதங்கள் கழிந்தும் வயிறு உள்ளே போகவில்லை என்றால் கொழுப்பைத்தான் திட்டுவார்கள். பல சமயம் காரணம் வேறு: வயிற்றின் நடுவே நெடுக்காக ஓடும் இரு தசைகளும் விலகி நிற்பது. போர்ச்சுகலில் முதல் பிரசவப் பெண்களை ஸ்கேன் செய்து அளந்தபோது, கர்ப்பத்தின் 35-வது வாரத்தில் அத்தனை பேருக்கும் இந்த விலகல் இருந்தது. பிரசவமாகி 6 மாதம் கழித்தும் சுமார் 39 சதவீதம் பேருக்கு அது மறையவில்லை. (பாட்டி வயிற்றில் இறுக்கிக் கட்டும் துணி இதமாக இருக்கலாம், தசையை அது வலுவாக்காது.)

இந்த விலகல் இருக்கிறதா என்று பார்க்க, பிசியோதெரபிஸ்ட் மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்வார். தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களைக் குறுக்காக வைத்து எத்தனை விரல் இறங்குகிறது, அடியில் திசு விறைக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு வயிற்றுத் தசைக்குத் தரும் பயிற்சியின்போது நடுவயிறு கூம்பாகப் புடைத்தால், அதைவிட எளிய பயிற்சிக்கு மாற்றுவார்.