பாதீடும் ஊரவர் சொல்லும்

பாதீடு என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் அதனை வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்தார். கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்க்குப் பகுத்தளித்தலே அன்று பாதீடு எனப்பட்டது. இன்று அரசாங்கமும் உள்ளூராட்சி மன்றங்களும் ஆண்டுதோறும் வகுக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கு ஈழத்திலே அப்பெயர் வழங்குகின்றது. பொருத்தமான பெயரே. பொதுவாய் வந்த பொருளைப் பகுத்தல் என்பது இரண்டிற்கும் ஒக்கும். ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. அன்று பங்குக்குரியோர் பகுக்கும் இடத்திலேயே நின்றனர். இன்று நமது தீவகத்திலே பங்குக்குரியோருள் எத்துணைப் பேர் அவ்விடத்தில் நிற்கின்றனர்? இவ்வினாவையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

தீவகத்தில் வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, காரைநகர் என நான்கு பிரதேச சபைகள் உள. புங்குடுதீவும் நயினாதீவும் மண்டைதீவும் வேலணைச் சபையைச் சார்ந்தன. அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைச் சபையைச் சார்ந்தன. நம் முன்னோர் அறிந்த கிராமச் சங்கங்கள் 1981ஆம் ஆண்டில் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் பிரதேச சபைகள் தோன்றின. போர்க்காலம் காரணமாக இங்கு தேர்தல்கள் ஒழுங்காக நடைபெற்றில. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நிகழும்வரை ஈராண்டுகளுக்கு மேலாக உறுப்பினர் எவருமின்றி உத்தியோகத்தரே பாதீட்டை வகுத்தனர். மக்கள் வாய் திறவாதபோதும் பணம் செலவாகும் என்பதை அக்காலம் நமக்கு உணர்த்திற்று.

இனி, பாதீடு உருவாகும் வகையைக் காண்போம். சபையின் நிதியாண்டு தை முதலாந் திகதி தொடங்கி மார்கழி 31இல் முடிகின்றது. அடுத்த ஆண்டின் வரவையும் செலவையும் மதிப்பிட்டுத் தவிசாளர் சபை முன் வைக்கின்றார். ஆண்டு பிறக்குமுன் அது நிறைவேறுதல் வேண்டும். இருமுறை தோற்கடிக்கப்படுமாயின் பதவியே பறிபோகும். 2020 டிசெம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையில் அவ்வாறு நிகழ்ந்து, முதல்வர் பதவியிழந்ததை வாசகர் அறிவர்.

வரவுகள் பலவகைப்படும். சோலைவரி என்று மூத்தோர் கூறும் ஆதனவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தை வாடகை, காணி கைமாறும்போது பெறப்படும் முத்திரை வரியின் பங்கு, நீதிமன்றத் தண்டப்பணம், மாகாண சபை வழியாக வரும் வேதன மானியம் என்பன அவற்றுட் சில. செலவுகளோ உள்ளூர் ஒழுங்கைகள், மதகுகள், வெள்ளவாய்க்கால்கள், தெருவிளக்குகள், பொதுக் கிணறுகள், சந்தைகள், நூலகங்கள், சுடலைகள், குப்பை அகற்றல் என்பன. வேதனமும் நிருவாகமும் போக எஞ்சுவது சிறு தொகையே. அச்சிறு தொகையின் பங்கீட்டிலேதான் மாரிகாலத்தில் எந்த ஒழுங்கை நீரில் ஆழும், எது ஆழாது என்பது தீர்மானமாகின்றது.

மக்கள் கருத்தறியும் கூட்டங்களில் அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தை இங்கு சுட்டுதல் தகும். மின்வழங்கல், பெரிய குடிநீர்த் திட்டங்கள், பெருந்தெருக்கள், பாடசாலைகள், வைத்தியசாலைகள் ஆகியன பிரதேச சபையின் கையில் இல்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலான பாதைச் சேவையும் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியது. இவற்றைச் சபையிடம் கேட்டுவிட்டு, "ஒன்றும் நடக்கவில்லை" என்று மனங்கசந்து போவோர் பலர். யார் யாரிடம் எதைக் கேட்டல் வேண்டும் என்பதை அறிதலே முதற்படி. அடுத்த படி, கேட்பதைத் திட்டமாகக் கேட்டல். "எங்கள் ஊரைக் கவனியுங்கள்" என்பது முறைப்பாடு. "இவ்வொழுங்கையில் இவ்விடத்தில் மதகு இல்லை, இத்தனை வீட்டார் பயன்படுத்துகின்றனர்" என்பது முன்மொழிவு. உத்தியோகத்தர் மதிப்பீடு செய்யத்தக்கது பின்னையதே.

நிற்க. தீவகத்துக்கே உரிய இடர் ஒன்றுண்டு. பாதீடு உருவாகும் காலம் ஐப்பசி, கார்த்திகை. வாடைக் காற்றும் மழையும் கூடிக் கடல் கொந்தளிக்கும் காலமும் அதுவே. நயினாதீவிலிருந்து வேலணைக்கு வருபவர் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவைக் கடந்து, தாம்போதி வழியே வரவேண்டும். அனலைதீவாரும் எழுவைதீவாரும் கடல் கடந்தே ஊர்காவற்றுறையை அடைதல் வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் கூட்டம் என்று அறிவித்தல் ஒட்டினால், கடற்றொழிலாளி ஒருநாள் உழைப்பை இழந்தே வரவேண்டும். முதியோரும் கைக்குழந்தை உடைய தாய்மாரும் வரவே இயலாது. வாரார் என்பதனால் விருப்பமிலர் என்று கொள்வது பிழை. ஆதலின் மழை தொடங்குமுன், ஒவ்வொரு தீவிலும், சனசமூக நிலையத்திலோ கோயில் மண்டபத்திலோ, மாலை வேளையில் கூடுதலே முறை. சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. அவ்வாய்ப்பைச் சிறு தீவுகளுக்கு முதலில் அளித்தல் நீதியாகும்.

இவ்வழியில் பிறர் முன்னரே நடந்துள்ளனர். பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் மக்கள் பகுதி பகுதியாகக் கூடி நகரப் பாதீட்டின் முதன்மைகளை வகுத்தனர். கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டதை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்து, கிராம சபைகளில் ஊர்த் தேவைகளைத் திரட்டிற்று. தமிழ்நாட்டிலும் குடியரசு தினம், தொழிலாளர் தினம் முதலிய நாள்களில் கிராம சபைகள் கூடுகின்றன. இவையெல்லாம் குறையற்றன என்று கூறோம். ஊரவர் கூடும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருத்தல் இவற்றின் சிறப்பு.

ஆயினும் கேட்பது பாதி வேலையே. நாம் ஒருமுறை இத்தகைய கூட்டமொன்றில் இருந்தோம். கரையோரத்து முதியவள் ஒருத்தி எழுந்து, தன் ஒழுங்கையில் மாரிதோறும் வெள்ளம் நிற்பதைக் கூறினாள். உத்தியோகத்தர் பணிவோடு குறித்துக்கொண்டார். அவள் அமரவில்லை. "தம்பி, போன வருஷமும் எழுதினனீங்கள். அந்தக் கொப்பி எங்கை?" என்றாள். சிலர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. அவ்வம்மை கேட்டதே உள்ளூராட்சியின் உயிரான வினா.

உத்தரமேரூர்க் கல்வெட்டை நாம் குடவோலைத் தேர்தலுக்காகவே மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். முதலாம் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டிலே அதனினும் கூரிய விதியொன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவனும் அவன் உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தெரிவாகும் தகுதியற்றவர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தெரிவு செய்தலோடு கணக்குக் கேட்டலையும் நம்மவர் சேர்த்துக் கட்டினர். அக்கட்டு இன்றும் வேண்டும். ஒவ்வோராண்டும் கருத்தறியும் கூட்டம் தொடங்குமுன், சென்ற ஆண்டு கேட்டவை எவை, நிறைவேறியவை எவை, மறுக்கப்பட்டவை எவை, என்ன காரணத்தால் என்று ஒரு தாளில் எழுதிச் சபை வாசித்தல் வேண்டும். அதற்குப் பெரும் பணம் வேண்டா. வாசிக்காவிடின், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி எழுதிக் கேட்கும் உரிமை எந்தக் குடிமகனுக்கும் உண்டு.

இறுதியாக, இம்மலரைக் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாசிக்கும் பழைய மாணவர்க்கு ஒரு சொல். 1990களின் தொடக்கத்தில் ஊர்விட்டுச் சென்ற பலரின் வளவுகள் இங்கு பற்றைக்காடாகக் கிடக்கின்றன. வரி விதிக்கப்பட்ட ஆதனமாயின் நிலுவையைச் செலுத்துங்கள். கோயிலுக்கும் கல்லூரிக்கும் நீவிர் தரும் கொடை போற்றத்தக்கது. வரியோ கொடையன்று, பங்கு. பங்கு செலுத்தியவனுக்கே பாதீட்டைக் கேட்கும் வாய் உண்டு. ஊரில் வாழும் நாமோ, ஆசிரியரும் இளைஞருமாகச் சனசமூக நிலையத்தில் அமர்ந்து, அவ்வம்மை போன்றோர் சொல்வதை முன்மொழிவாக எழுதிக் கொடுப்போம். படி ஒன்றை நம்மிடமும் வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு "கொப்பி எங்கை?" என்று அவள் கேட்குமிடத்து, அதனை எடுத்துக் காட்டுவதற்கு நம்மிடையே ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.