மின்சாரம் பிறக்கும் ஊரில் விறகு அடுப்பு!

எண்ணூர் என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? வானைத் தொடும் புகைபோக்கி! 1970-ல் அங்கே அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. 450 மெகாவாட் திறன் கொண்ட அந்த நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் பக்கத்திலேயே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அதைவிடப் பெரிய நிலையங்கள் இருக்கின்றன. முதலில் நிலக்கரி இறக்குவதற்காகவே 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. சமையல் காஸ் அங்கேயே தயாராகிறது.

இத்தனை இருந்தும், இந்த வட்டாரத்துக் குப்பங்கள் சிலவற்றில் விறகு அடுப்பு இன்னும் அணையவில்லை. ஏன்?

கையில் காசு இல்லை!

2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. ஏழை வீடுகளுக்குக் காஸ் இணைப்பு கிடைத்தது. ஆனால் 14.2 கிலோ சிலிண்டர் தீர்ந்தால், முழுப் பணத்தையும் ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். வலை வீசுகிறவருக்கும் மூட்டை சுமக்கிறவருக்கும் காசு அன்றாடம்தானே வருகிறது! மீன் படாத நாளில் அதுவும் இல்லை. விறகு அப்படி அல்ல. இன்றைக்கு வேண்டியதை இன்றைக்கு வாங்கலாம், சுள்ளியும் பொறுக்கலாம்.

கொல்லிமலையிலும் நீலகிரியிலும் சிறு விவசாயிக்கு வேறு தொல்லை. மரம் பக்கத்தில் இருக்கிறது. சிலிண்டர்தான் மலையேறி வரவேண்டும். பட்டணத்து ஏழைக்குச் சிலிண்டர் வாசல் வரை வரும், பணம்தான் வரவேண்டும்!

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 வீடுகளில் சுமார் 83 வீடுகள் புகையில்லா எரிபொருளில் சமைக்கின்றன. மீதி வீடுகளின் கதி என்ன?

புகை செய்யும் கேடு

வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தப் புகையால் குழந்தைகளுக்கு நிமோனியா வருகிறது. பெரியவர்களுக்கு நுரையீரல் கெடுகிறது. அடுப்பு ஊதும் தாய்மார்களுக்குக் கண்புரையும் வரலாம்.

என்ன செய்யலாம்?

5 கிலோ சிலிண்டரும் கிடைக்கிறது. ஒரே தடவையில் கொடுக்கும் பணம் குறையும். அரிசி, பருப்பை ஊறவைத்துச் சமையுங்கள். பாத்திரத்தை மூடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். விறகுதான் கதி என்றால், காய்ந்த விறகை வெளியில் வைத்து எரியுங்கள். கைக்குழந்தையை அருகில் வைக்காதீர்கள்.

இணைப்புக் கொடுத்தால் மட்டும் போதாது. அடுப்பு மாதம் முழுவதும் எரிய வேண்டும். அதற்கு வழி செய்வதே ஆள்வோர் கடமை!