வாடகைக்கு ஒரு மேடை
(பெங்களூரு மேடைகள் – 9)

மல்லேஸ்வரத்தில் காடு மல்லேஸ்வரர் கோயிலைத் தெரியாதவர் இல்லை. அங்குள்ள 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டை நின்று பார்ப்பவர்தான் குறைவு. கோயிலுக்கு மேதரநிங்கனஹள்ளி என்ற ஊரை மானியமாக விட்ட செய்தி அது. விட்டவர் ஏகோஜி, சிவாஜியின் மாற்றாந்தாய் வழித் தம்பி. பீஜப்பூர் சுல்தானிடம் வேலை பார்த்த மராத்தியர், கன்னட நாட்டுச் சிவனுக்கு ஊர் எழுதி வைக்கிறார். சில ஆண்டுகளில் அதே ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்து அங்கே மராத்திய அரசை நிறுவினார். அந்த அரண்மனையில் தெலுங்குப் பதமும் மராத்திப் பாட்டும் தமிழ் நாட்டியமும் ஒரே உலையில் பொங்கின. பிற்பாடு, நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வரில் மூத்தவரான சின்னையா மைசூர் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். கணக்கு நேராகிவிட்டது என்று வையுங்களேன்.

ஆனால் இன்றைய மல்லேஸ்வரம் ராஜா கட்டி வளர்த்த கலையால் பேர் வாங்கிய இடமல்ல. 1898இல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியபோது, நெரிசலிலிருந்து ஜனங்களை வெளியேற்றப் போட்ட குடியிருப்பு இது. வந்தவர்களில் தமிழ் ஐயங்கார்கள், தெலுங்கர்கள், தென் கன்னடத்துக் கொங்கணிக்காரர்கள் எல்லாரும் உண்டு. ஊர்க்காரர் நாலு பேர் கூடினால் ஒரு சங்கம். சங்கம் என்றால் ஒரு ஹால். ஹாலுக்குச் செலவு? கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவது.

கொங்கணி பேசுபவர்களின் கனரா யூனியன் இதற்கு நல்ல சாட்சி. ஒரு காலத்தில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் அதன் கல்யாண ஹால் பாட்மிண்டன் மைதானமாகிவிடும். பிரகாஷ் படுகோன் சிறுவனாக மட்டை பிடித்துப் பழகியது அங்கேதான். முகூர்த்த நாளில் ஆட்டம் கிடையாது. அந்த ஹாலில் தொடங்கியவர் 1980இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றார்.

அதே 1980இல்தான் வயலின் வடிவக் கட்டடமான சௌடையா நினைவு மண்டபம் திறந்தது. தந்தி, குதிரை, வில் எல்லாம் கட்டடத்திலேயே உண்டு. டி. சௌடையா திருமகூடலு நரசிபுரத்துக்காரர்; பாடகர்கள் அரியக்குடிக்கும் முசிறிக்கும் பக்கவாத்தியம் வாசித்துத் தமிழ்நாட்டை வசப்படுத்தியவர்; 1957இல் சங்கீத கலாநிதி. அவர் வாசிக்கத் தொடங்கியது மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று நாலு தந்தி வயலினில் இன்னும் மூன்றைக் கூட்டி ஏழாக்கினார். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று தவித்தவர் பெயரிலான அந்தப் பெரிய மண்டபத்தைச் சின்னக் குழுக்கள் வெளியிலிருந்துதான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. உள்ளே பள்ளி ஆண்டு விழாவும் கம்பெனி விழாவும் நடக்கின்றன. மண்டபக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவ்வளவு பெரிய கட்டடத்தின் கரண்ட் பில்லை யார் கட்டுவார்?

அரசு கட்டாதா என்று கேட்கலாம். அரசு கொடுக்காமல் இல்லை. துளுவுக்கும் கொங்கணிக்கும் 1994இல் அகாதெமி வைத்த மாநிலம் இது. சின்ன மொழியான அரேபாஷெக்குக்கூட 2011இல் ஒன்று வந்தது. இந்த விஷயத்தில் கர்நாடகத்துக்குத் தாராளமாகவே கை தட்டலாம். கன்னடம் மற்றும் பண்பாட்டுத் துறை, சங்கங்களுக்கு நிதி உதவி தருகிறது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் விழா மானியம் பொதுவாக 5 லட்சம் ரூபாய் வரை போகும். ஆனால் செலவு செய்துவிட்டு, ஆடிட்டர் கையெழுத்துடன் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகே பாக்கித் தவணை வரும். அது வரும்வரை கைக்காசைப் போட்டுத் தாங்க முடிந்தவருக்குத்தான் இந்த உதவி. நட்டுவாங்கம் செய்கிற டீச்சர் அந்த ரகம் இல்லை.

பணத்தைப் போலவே இடமும் ஒரு திண்டாட்டம். பிரிட்டனில் 1976இல் நசீம் கான் எழுதிய 'பிரிட்டன் கண்டுகொள்ளாத கலைகள்' என்ற அறிக்கையும், குடியேறிகளின் கலை ஏராளமாக இருக்கிறது, ஒத்திகை பார்க்க இடம் இல்லை என்று சொன்னது. மானியத்தைவிட இடம் முக்கியம் என்று எனக்கும் படுகிறது. பெங்களூரிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது: ஜே.பி. நகரில் 2004இல் திறந்த ரங்க சங்கரா நாடக அரங்கம். நிலம் அரசு கொடுத்தது. நடிகர் சங்கர் நாக் நினைவாக அவர் மனைவி அருந்ததி நாக் அலைந்து திரட்டிக் கட்டினார். நாடகக்காரருக்குக் கட்டுப்படியாகும் வாடகை, எந்த மொழி நாடகத்துக்கும் இடம். ஒரு நிமிஷம் தாமதமாகப் போனாலும் கதவு திறக்காது. நான் ஒருமுறை வாசலில் நின்று காபி குடித்துத் திரும்பியவன். கோபம் இன்னும் தீரவில்லை, ஆனாலும் சரிதான்.

மல்லேஸ்வரத்தில் எனக்குத் தெரிந்த பரத டீச்சர் ஒருவர் போன வருஷ அரங்கேற்றத்தின் கணக்குத் தாளைக் காட்டினார். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள், மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. ஹால், மைக், லைட், நாற்காலி, மிருதங்கத்துக்கு, பாட்டுக்கு, பூ, காபி. ஹாலும் நாற்காலியும் சேர்ந்தே பாதிக்கு மேல் விழுங்கியிருந்தன. "இந்த வருஷம் எப்போ டீச்சர்?" என்றேன்.

"ஆஷாடத்துலதான் சார். கல்யாணம் இருக்காதே, ஹால்காரர் கொஞ்சம் குறைச்சுக்கிறேன்னார். மழை வந்தா ஜனம் வராது, அதான் பயம்."

(தொடரும்)