வில்தகடு முறிவதேன்?

அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரப் பெட்டியின் வில்தகடு முறிந்தால், நெல்மூட்டைகள் வயலிலேயே மழையில் நனைய நேரிடும். வேறு தகடு தேடுவோர் பலர் கொழும்பில் புதுக்கடைக்கு அருகிலுள்ள பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளை நாடுகின்றனர். அங்கே ‘ஸ்பிரிங் பிளேட்’ எனக் கேட்டு, நீளத்தையும் கனத்தையும் அளந்து வாங்குவர். மேற்பரப்பை உற்று நோக்குபவர் சிலரே.

முறிந்த தகட்டின் முகத்தைக் கவனித்தால், ஓரத்தில் ஒரு பகுதி மழமழப்பாகவும் எஞ்சியது சொரசொரப்பாகவும் இருக்கும். மழமழப்பானது பல நாட்களாகச் சிறிது சிறிதாக வளர்ந்த வெடிப்பு. மற்றையது ஒரு கணத்தில் முறிந்தது. ஒருமுறை எளிதாகத் தாங்கும் சுமையே ஆயினும், இலட்சக்கணக்கான முறை வந்து போகுமாயின் உருக்குக் களைத்துவிடும். புகைவண்டி அச்சுக்கள் இவ்வாறு முறிவதை ஜெர்மனியில் வோலர் என்னும் பொறியியலாளர் 1850களிலும் 1860களிலும் ஆராய்ந்தார்.

வெடிப்புப் பெரும்பாலும் மேற்பரப்பிலுள்ள கீறலிலோ துருக்குழியிலோ தொடங்கும். மெல்லிய இரும்பு கீறலருகே சற்று இணங்கிக் கொடுக்கும். கடினமாக்கிய உருக்கு அவ்வாறு இணங்காது.

ஆதலால், தொழிற்சாலைகளில் சிறிய உருக்குக் குண்டுகளைத் தகட்டின்மீது மிகுந்த வேகத்துடன் வீசியடிப்பர். ஒவ்வொரு குண்டும் நுண்ணிய குழியொன்றை உண்டாக்கும். அடிபட்ட தோல் விரிய முயலும். கீழுள்ள உருக்கு அதற்கு இடங்கொடாது. எனவே தோல் எப்பொழுதும் நெருக்குண்டே நிற்கும். சுமையின் இழுவை இந்நெருக்கத்தை வென்றாலன்றி வெடிப்பு வாய் திறவாது. இத்தோலின் தடிப்போ ஒரு மில்லிமீற்றரின் சிறு பகுதியே. குண்டடியின் வலிமையை மெல்லிய தகடொன்றின் வளைவினால் அளக்கும் முறையை அமெரிக்காவில் ஆல்மென் என்பவர் 1940களில் வகுத்தார். அது இன்றும் வழக்கிலுள்ளது.

சுமையேற்றும்போது வில்தகட்டின் மேற்பக்கமே இழுபடும். ஆகவே வாங்கும்போது அப்பக்கத்தை நன்கு துடைத்துப் பார்த்தல் வேண்டும். நுண்குழிகள் நிறைந்த மங்கலான பரப்பு நல்லது. துரு அரித்த பள்ளங்களோ உளி பட்ட வெட்டுக்களோ காணப்படின், விலை மலிவாயினும் அதனை விடுக. அரைத்துப் பளபளப்பாக்கிய தகட்டையும் ஐயுறுதல் தகும்.

தொய்ந்த தகட்டை உலையிற் காய்ச்சி வளைத்தால் நெருக்கம் அழிந்துவிடும். மறுபடி பதமிட்டாலும், குண்டடி இல்லையேல் அது புதியதற்கு ஈடாகாது. முறிந்ததை வெல்டிங் செய்வது அதனினும் கேடு. ஒட்டின் அருகிலேயே மீண்டும் முறியும். குரோமியப் பூச்சுத் துருவைத் தடுக்கும், ஆயினும் கடின உருக்கின் களைப்பு வலிமையைக் குறைப்பதுண்டு.

உரமூட்டை ஏற்றிய பின்னர் பெட்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி, உலர்ந்தபின் தகடுகளுக்குக் கிறீஸ் பூசிவைக்க வேண்டும்.